முதல் மழையும் மண்ணில் உறையும் வைரஸ்களும்

மழையின்றிப் பயிரில்லை, பயிரின்றி உயிரில்லை என்பது அனைவரும் அறிந்ததே. மண்ணுக்கு மேலே மழை செய்யும் வேலையை நாம் கண்ணால் காண்கிறோம். மண்ணுக்குள்ளே, கண்ணுக்குப் புலப்படாத உலகத்தில் அதே மழை என்ன செய்கிறது என்பதை அறிவியலார் அண்மைக் காலத்தில்தான் விரிவாக ஆராயத் தொடங்கியுள்ளனர். திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி, மேல்சித்தாமூர் ஆகிய வட்டாரங்களில் தலைமுறை தலைமுறையாக உழவையே தொழிலாகக் கொண்ட குடும்பங்கள் நம்முள் பல. எனவே இப்பொருள் நமக்கு இருவகையில் நெருக்கமானது. நம் நிலத்தின் வளம் இதில் அடங்கியுள்ளது. நுண்ணிய உயிர்களைப் பற்றி நாம் பேணிவரும் கவனமும் இதனோடு தொடர்புடையது. இக்கட்டுரையில் இப்பொருளைப் படிப்படியாகக் காண்போம்.

நம் வட்டாரத்தின் மழை

விழுப்புரம் மாவட்டத்தில் ஓர் ஆண்டில் பெய்யும் மழையின் சராசரி ஆயிரம் மில்லிமீட்டரை ஒட்டியது. இதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவக்காற்றால் கிடைக்கிறது. ஆனி முதல் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவத்தின் மழை விட்டுவிட்டுப் பெய்யும். தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் வறண்டேயிருக்கும். சித்திரை, வைகாசியில் இடியுடன் கூடிய கோடைமழை ஓரிரு நாள் வந்து போகும்.

ஆகவே நம் மேய்ச்சல் நிலங்களும், ஏரி உட்புறங்களும், குன்றடிப் புல்வெளிகளும் ஆண்டுதோறும் இரு எல்லைகளைக் காண்கின்றன. பல மாதங்கள் எலும்பு போல் காய்கின்றன. பிறகு ஒரே நாளில் நனைகின்றன. அருகம்புல்லும் கொழுக்கட்டைப் புல்லும் மேலே கருகினாலும், அடியில் வேர் உயிரோடு காத்திருக்கிறது. மழை வந்த சில நாட்களில் தரை பசுமை கொள்கிறது. இதே காத்திருத்தலும் இதே விழிப்பும் மண்ணின் நுண்ணுயிர்களிடத்தும் நிகழ்கின்றன.

வைரஸ் என்பது யாது?

வைரஸ் என்றதும் நோய் ஒன்றே நம் நினைவுக்கு வருகிறது. அம்மை, போலியோ, 2020ஆம் ஆண்டில் உலகை முடக்கிய கொரோனா ஆகியவை அதற்குக் காரணம். ஆயினும் உலகில் உள்ள வைரஸ்களில் மனிதரைத் தாக்குபவை மிகச் சிறு பகுதியே. மண்ணில் உள்ளவற்றுள் மிகப் பல பாக்டீரியாக்களை மட்டுமே தாக்குபவை. அவற்றைப் பாக்டீரியோஃபேஜ், சுருக்கமாக ஃபேஜ், என்பர். 1915இல் இங்கிலாந்தில் டுவார்ட் என்பவரும், 1917இல் பாரிஸில் தெரேல் என்பவரும் இவற்றைத் தனித்தனியே கண்டறிந்தனர்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் இடமுண்டு. 1896இல் ஆக்ராவில் பணிபுரிந்த ஹேங்கின் என்னும் ஆங்கில ஆய்வாளர், கங்கை, யமுனை நீரில் காலராக் கிருமிகளை அழிக்கும் ஏதோ ஒன்று உள்ளது என்றும், நுண்ணிய வடிகட்டியைக் கடந்தும் அது நிற்கிறது என்றும், நீரைக் கொதிக்க வைத்தால் அது மறைகிறது என்றும் எழுதினார். அது ஃபேஜ்களின் செயலாக இருக்கலாம் எனப் பின்னாளில் பலரும் கருதினர். தெரேலும் 1920களின் பிற்பகுதியில் இந்தியாவிற்கு வந்து, காலராவுக்கு எதிராக ஃபேஜ்களைப் பயன்படுத்திப் பார்த்தார்.

ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்குகளாக்கினால் அதில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். ஃபேஜ் ஒன்றின் தலைப்பகுதி பொதுவாக 50 முதல் 100 நானோமீட்டர் அளவே இருக்கும். வளமான மண்ணில் ஒரு கிராமுக்குள் சில கோடி முதல் ஆயிரம் கோடி வரை இத்தகைய துகள்கள் இருக்கக்கூடும்.

வைரஸ் தானாக உண்பதில்லை, தானாக வளர்வதுமில்லை. தனக்குரிய பாக்டீரியாவின் மேல் ஒட்டித் தன் மரபுப்பொருளை உட்செலுத்துகிறது. அதன்பின் அந்த உயிரணுவின் உழைப்பைக் கொண்டே தன் படிகளை உண்டாக்குகிறது. முடிவில் உயிரணு வெடிக்கிறது. பத்துக்கணக்கில் அல்லது நூற்றுக்கணக்கில் புதிய வைரஸ்கள் வெளிவருகின்றன. வேறு சில வைரஸ்கள் உடனே அழிப்பதில்லை. பாக்டீரியாவின் மரபுப்பொருளோடு தம்மை இணைத்துக்கொண்டு அங்கேயே உறங்குகின்றன.

இங்கே ஒரு சுவையான செய்தி. திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நிலக்கடலை இரகங்களை டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று நம் உழவர்கள் அழைப்பார்கள். டி.எம்.வி. என்பது திண்டிவனத்தைக் குறிக்கும். வைரஸ் பற்றிய பாடநூல்களில் அதே மூன்றெழுத்து புகையிலைத் தேமல் வைரஸைக் குறிக்கும். 1890களில் அந்நோயை ஆராயும்போதுதான் வைரஸ் என்ற ஒன்று உண்டு என்பதையே அறிவியல் முதன்முதலில் உணர்ந்தது. நம் ஊர்ப் பிள்ளைகள் கல்லூரியில் அந்த எழுத்துகளைக் காணும்போது குழம்ப வேண்டியதில்லை.

காய்ந்த மண்ணில் நிகழ்வது

மண் துகள்களுக்கிடையே மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டு. பாக்டீரியாக்கள் அப்படலத்தில்தான் நீந்துகின்றன, உணவு பெறுகின்றன. மண் காயக் காய அப்படலம் அறுந்து தனித்தனித் தீவுகளாகிறது. ஒரு தீவில் உள்ள பாக்டீரியாவை மற்றொரு தீவிலுள்ள வைரஸ் அடைய வழியில்லை. பாக்டீரியாக்களுள் பல தம் உடலுள் சர்க்கரை போன்ற சில பொருள்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியைத் தாங்குகின்றன. சில தடித்த உறையுடைய வித்துகளாக மாறுகின்றன. பல மடிகின்றன.

வைரஸ்களோ களிமண் துகள்களிலும் இரும்பு ஆக்சைடுகளிலும் ஒட்டிக்கொள்கின்றன. நம் செம்மண்ணுக்கு நிறம் தருவது அந்த இரும்பு ஆக்சைடே. ஒட்டிய நிலையில் சில வைரஸ்கள் நெடுநாள் நிலைக்கின்றன. சில சிதைந்து செயலிழக்கின்றன.

மழை விழுந்தபின்

மழைநீரில் உப்புகள் மிகக் குறைவு. அந்நீர் காய்ந்த மண்ணில் திடீரெனப் புகும்போது, வறட்சிக்காக உப்பும் சர்க்கரையும் திரட்டி வைத்திருந்த பாக்டீரியாக்களுக்குள் நீர் வேகமாகப் பாய்கிறது. சேமித்த பொருள்களை உடனே வெளியே தள்ளிவிடுவன பிழைக்கின்றன. தள்ள இயலாதன வெடிக்கின்றன. பிழைத்தவை சில மணி நேரத்தில் விழித்து, மடிந்தவற்றின் எச்சங்களை உண்டு பெருகத் தொடங்குகின்றன.

இவ்வேளையில் வைரஸ்கள் என்ன செய்கின்றன என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2023இல் வெளிவந்தது. வட கலிபோர்னியாவில் ஹாப்லண்ட் என்னும் இடத்துப் புல்வெளி மண்ணை எடுத்து, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தையும் பெர்க்லி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த அறிவியலார் இதனைச் செய்தனர். அப்பகுதியிலும் நீண்ட வறட்சிக்குப் பிறகே ஆண்டின் முதல் மழை பெய்யும்.

அவர்கள் கையாண்ட முறை எளிமையும் நுட்பமும் உடையது. சாதாரண நீருக்குப் பதிலாக, எடை மிகுந்த ஆக்சிஜன் கொண்ட நீரால் மண்ணை நனைத்தனர். நனைந்தபின் புதிதாக வளரும் உயிர் எதுவும் அந்த நீரின் ஆக்சிஜனைத் தன் டி.என்.ஏ.வில் சேர்த்துக்கொள்ளும்; அதனால் அதன் டி.என்.ஏ. எடை கூடும். எடை கூடியதையும் கூடாததையும் பிரித்தால், பழையன எவை, மழைக்குப்பின் பிறந்தன எவை என்பது தெரிந்துவிடும்.

ஆய்வின் முடிவுகளை மூன்றாகத் தொகுக்கலாம்.

முதலாவது: காய்ந்த மண்ணில் வைரஸ்களின் வகைகள் மிகப் பல, ஆனால் மொத்த அளவு குறைவு. பலவகை விதைகளைச் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்த குதிரைப் போல அம்மண் இருந்தது.

இரண்டாவது: நனைந்த 24 மணி நேரத்திற்குள் வைரஸ் வகைகள் பாதியாகக் குறைந்தன. ஒரு வாரத்திற்குள் வைரஸ்களின் மொத்த அளவோ நான்கு மடங்காயிற்று. அதாவது, சேமிப்பில் இருந்த அனைத்தும் முளைக்கவில்லை. விழித்தெழுந்த பாக்டீரியாக்களைத் தாக்கவல்ல சில வகைகள் மட்டும் பெருகின, ஏனையவை மறைந்தன.

மூன்றாவது: மழைக்கு ஒரு வாரத்திற்குப் பின், மண்ணில் மடிந்த நுண்ணுயிர்களுள் 46 விழுக்காடு வரை வைரஸ்களால் மடிந்தன என்று மதிப்பிட்டனர். மண்ணில் வைரஸ்கள் பெரும்பாலும் உறங்கியே இருக்கும் என்று சிலர் கருதியிருந்தனர். மழைக்குப்பின் உயிரணுவை உடைத்துப் பெருகும் வைரஸ்களே மேலோங்குகின்றன என இவ்வாய்வு காட்டிற்று.

அதே 2023இல் வெளியான மற்றொரு கலிபோர்னிய ஆய்வும் இதனை உறுதி செய்கிறது. வறண்ட மண் நனைந்தபின் பாக்டீரியக் கூட்டம் அவ்வளவாக மாறாதபோதும் வைரஸ் கூட்டம் தலைகீழாக மாறுவதை அது கண்டது. அமெரிக்காவின் கன்சாஸ் புல்வெளி மண்ணில் நடந்து 2021இல் வெளியான ஆய்வு, ஈரம் மிகும்போது சில வைரஸ்களின் செயற்பாடு கூடுவதைக் காட்டியது.

இந்த எண்களை அப்படியே நம் மேய்ச்சல் நிலத்திற்குப் பொருத்துவது முறையன்று. கலிபோர்னியாவில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. நம் முதல் மழையோ தரை கொதிக்கும் சித்திரை, வைகாசியில் பெய்கிறது. ஆயினும் நீர்ப்படலம் அறுவதும், நனைந்தவுடன் உயிரணு விழிப்பதும், விழித்ததையே வைரஸ் தாக்குவதும் எங்கும் பொருந்தும் இயற்கை முறைமைகளே.

இதனால் நிலத்திற்கு நேர்வது என்ன?

1958இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியாற்றிய பிர்ச் என்னும் அறிவியலார் ஒன்றை விளக்கினார். காய்ந்த மண் நனைந்தவுடன் அதிலிருந்து கரியமில வாயு திடீரென மிகுதியாக வெளியேறும். அத்துடன் மட்கிலுள்ள தழைச்சத்து பயிருக்கு ஏற்ற வடிவில் விடுபடும். மண் எவ்வளவு காய்ந்து கிடந்ததோ அவ்வளவு அந்த வேகம் மிகும். அவர் பெயராலேயே இது பிர்ச் விளைவு எனப்படுகிறது.

அவ்வாறு வெளியேறும் கரியில் ஒரு பங்கு வைரஸ்களின் வேலையால் வருவது என்று இப்போது தெரிகிறது. வைரஸால் வெடித்த பாக்டீரியாவின் உட்பொருள் மண்ணில் கசிகிறது. அதில் ஒரு பகுதியை வேறு நுண்ணுயிர்கள் உண்டு, மூச்சாகக் கரியமில வாயுவை விடுகின்றன. ஒரு பகுதி களிமண்ணோடு ஒட்டி நிலைக்கிறது. ஒரு பகுதி பயிரின் வேருக்கு ஊட்டமாகிறது. வங்கியில் பணம் கைமாறுவது போல் சத்துகள் கைமாறுகின்றன. அந்தக் கைமாற்றத்தை விரைவுபடுத்துவன வைரஸ்கள்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்று முன்னோர் சொன்னதற்குக் காரணங்கள் பல. அவற்றோடு இதையும் சேர்த்து எண்ணலாம். முதல் நல்ல மழைக்குப்பின் விடுபடும் தழைச்சத்தை வாங்கிக்கொள்ள வேர் ஒன்று அங்கே இருந்தால் அது விளைச்சலாகும். இல்லையேல் அடுத்த பெருமழை அதனைக் கரைத்துக்கொண்டு போய்விடும்.

உழவர் கருத்தில் கொள்ள வேண்டுவன

மண்ணை வெறுமையாக வெயிலில் விடாதிருத்தல் முதற்கடமை. அறுவடைக்குப்பின் தாளையும் சருகையும் எரித்துவிட்டால் தரை முற்றிலும் காய்கிறது. மழை வரும்போது அதிர்ச்சியும் மிகுகிறது. மூடாக்கோ, மடக்கி உழும் பசுந்தாள் பயிரோ, எருவோ நிலத்தில் இருந்தால் ஈரம் சிறிது நிற்கும். இழந்த மட்கும் ஈடு செய்யப்படும்.

நிலக்கடலை, உளுந்து போன்றவற்றின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பயிருக்குத் தருகின்றன. அவற்றைத் தாக்கும் ஃபேஜ்களும் மண்ணில் உள்ளன. இதனால் ரைசோபியம் இட்டுப் பயனில்லை என்று கருத வேண்டாம். ஆறிய அரிசிக்கஞ்சியில் கலந்து விதைமேல் பூசி, நிழலில் உலர்த்தி, ஈரமுள்ள மண்ணில் உடனே விதைத்தால் அப்பாக்டீரியாக்கள் வேரை விரைவில் அடைந்து பாதுகாப்புப் பெறும். காய்ந்த மண்ணில் போட்டு மழைக்குக் காத்திருந்தால், அவை வெயிலாலும், நனையும்போது நேரும் அதிர்ச்சியாலும், வைரஸாலும் மெலியக்கூடும். நிலக்கடலையில் இலைப்பேன் பரப்பும் மொட்டுக் கருகல் நோயும் வைரஸால் வருவதே. ஆனால் அது செடியைத் தாக்கும் வேறு இனம். மண்ணின் ஃபேஜ்களோடு அதற்கு உறவில்லை.

மேய்க்கால் புறம்போக்குகளை வீண் நிலம் என்று எண்ணும் வழக்கம் பரவிவருகிறது. புல்லின் வேர்கள் ஆண்டு முழுதும் மண்ணைப் பிணைத்து, மட்கைச் சேர்த்து, நாம் மேலே கண்ட நுண்ணுலகம் முழுவதையும் தாங்கி நிற்கின்றன. அதனை வெட்டி எடுத்துச் செங்கல் சூளைக்கு அனுப்பினால், பல நூற்றாண்டுகளாகச் சேர்ந்த அந்தக் குதிர் ஒரே நாளில் காலியாகிறது.

பெருமழையும் குடிநீரும்

2024 நவம்பர் 30ஆம் நாள் இரவு புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின்போது, மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஆண்டு மழையில் பாதிக்கு நிகரானது ஒரு நாளில் கொட்டியது. தென்பெண்ணை கரைபுரண்டது, விழுப்புரம் மாவட்டத்தின் வயல்களும் ஊர்களும் நீரில் மூழ்கின.

இத்தகைய மழை மண்ணிலுள்ள வைரஸ்களுக்கு வேறொன்றும் செய்கிறது. மென்மழையில் களிமண்ணோடு ஒட்டியிருப்பவை, உப்பு குறைந்த மழைநீர் மிகுதியாகப் பாயும்போது ஒட்டுவிட்டுப் பெயர்கின்றன. மண்ணின் துளைகள் முழுதும் நீர் நிரம்பியிருந்தால் அவை நெடுந்தொலைவு செல்லும். மண்ணில் இயல்பாக வாழும் ஃபேஜ்களால் நமக்குத் தீங்கில்லை. ஆனால் கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து மஞ்சட்காமாலை, வயிற்றுப்போக்கு முதலியவற்றை உண்டாக்கும் வைரஸ்களும் அதே வழியில் கிணற்றையும் ஆழ்குழாயையும் அடைய முடியும். அச்சத்திற்குரியது இதுவே.

நீரை வடிகட்டி அருந்துதல் நம் இல்லங்களின் நெடுநாள் ஒழுக்கம். அதன் பயனை உலகமும் கண்டுள்ளது. வங்கதேசத்துச் சிற்றூர்களில் பழம்புடவைத் துணியை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடிகட்டச் செய்தபோது, காலரா 48 விழுக்காடு குறைந்தது என்று 2003இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. காலராக் கிருமி நீரிலுள்ள நுண்ணிய மிதவை உயிர்களோடு ஒட்டி வாழ்வதும், துணி அம்மிதவை உயிர்களைத் தடுப்பதும் அதற்குக் காரணம். ஆனால் அவ்வாறு மடித்த துணியின் கண் ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர், அதாவது 20,000 நானோமீட்டர். 100 நானோமீட்டர் வைரஸ் அதன் வழியே தடையின்றிச் செல்லும். ஆகவே வெள்ளக் காலத்தில் வடிகட்டுவதோடு நிறுத்தாமல், நீரைத் தளதளவெனக் கொதிக்க வைத்து ஆற்றிப் பருக வேண்டும். காய்ச்சிய நீரையே ஏற்கும் துறவியர் ஒழுக்கத்தை நினைவிற்கொண்டு, குறைந்தது மழைக்காலத்திலேனும் இல்லறத்தாரும் இதனைக் கைக்கொள்ளலாம்.

நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது

மழைக்காலத்தில் மண்ணில் உயிர்கள் மிகும் என்பதால் துறவியர் ஓரிடத்தே தங்கும் சாதுர்மாஸ்ய ஒழுக்கம் ஏற்பட்டது. அது வடபுலத்து மழைக்காலத்தை ஒட்டி அமைந்தது. நம் பகுதியில் பெருமழை தீபாவளியை ஒட்டித்தான் வலுக்கிறது. எனவே கால்வைக்கும் இடத்தைப் பார்த்து நடக்கும் கவனம் நமக்குக் கார்த்திகை முடியவும் தேவை.

நூல்கள் கூறும் நிகோத சீவன்களே வைரஸ்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அவ்வாறு சமன்படுத்தத் துணிதல் பொருந்தாது. வைரஸை உயிர் என்பதா, உயிரற்ற பொருள் என்பதா என்பதிலேயே அறிவியலாரிடம் ஒருமித்த கருத்தில்லை. ஆகம மொழி வேறு, ஆய்வுக்கூட மொழி வேறு. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துக் கற்பதே நேர்மை.

கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் ஒரு மழையில் தோன்றி ஒரு வாரத்தில் மடிவது இயற்கையின் போக்கு. அதில் நம் செயல் இல்லை. தாளை எரிப்பதும், மேய்ச்சல் நிலத்தை வெட்டுவதும், கழிவைக் கிணற்றருகே விடுவதும் நம் செயல்கள். உழவில் சில ஊறுகள் தவிர்க்க இயலாதவை என்பதை இல்லறத்தார்க்கு நம் அறநூல்களும் ஒப்புகின்றன. தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பது மட்டுமே நம்மிடம் எதிர்பார்க்கப்படுகிறது. மண்ணுக்குள் நிகழ்வதை அறிந்தால், எது தவிர்க்கக்கூடியது என்பதும் தெளிவாகும்.

பிள்ளைகளுக்கான வினாக்கள்

1. காய்ந்த மண்ணில் வைரஸ் பாக்டீரியாவை அடைய முடியாமைக்குக் காரணம் யாது?

2. மண் நனைந்த 24 மணி நேரத்திலும் ஒரு வாரத்திலும் வைரஸ்களிடம் கண்ட மாற்றங்கள் இரண்டு. அவை யாவை?

3. பிர்ச் விளைவு என்றால் என்ன? ஆடிப்பட்டத்தோடு அதற்குள்ள தொடர்பை விளக்குக.

4. துணியால் வடிகட்டிய நீரை வெள்ளக் காலத்தில் ஏன் கொதிக்கவும் வைக்க வேண்டும்?

5. உங்கள் ஊரில் மேய்க்கால் நிலம் எங்குள்ளது? முதல் மழைக்கு முன்னும் ஒரு வாரம் கழித்தும் அதனைப் பார்த்து, கண்ட மாற்றங்களைப் பெற்றோருடன் பேசி எழுதுக.